கரை போட்ட பிறகுதான் எழுத்து

மற்றப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஆசிரியருக்குப் பிள்ளைகள் மாறுவார்கள். வால்டார்ஃப் என்னும் மாற்றுக் கல்விமுறைப் பள்ளியின் வகுப்பாசிரியருக்கு மாறுவது கதவின் மேல் எழுதியிருக்கும் வகுப்பு எண் மட்டுமே. ஒன்றாம் வகுப்பில் யாரை உள்ளே அழைக்கிறோமோ, அவர்களோடு நாமும் இரண்டு, மூன்று என்று ஏறிச் சென்று, ஐந்தாம் வகுப்பின் முடிவில் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை நம்மை எவ்வளவுதான் படுத்தினாலும், அடுத்த ஆண்டு வேறோர் ஆசிரியரின் தலையில் கட்டிவிட முடியாது. பிள்ளைகளுக்கும் அதே கதிதான் என்பது ஓர் ஆறுதல்.

நான் மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் தமிழ் இலக்கணம் நடத்தியவள். புணர்ச்சி விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓர் ஆட்டுக்குட்டிக் கதை சொல்ல எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட என்னை, நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய வால்டார்ஃப் தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியராக எடுத்துக்கொண்டது. அங்கே பாடநூல் இல்லை, மதிப்பெண் இல்லை, தேர்வும் இல்லை. அடித்துத் திருத்தச் சிவப்பு மையும் இல்லை என்று தெரிந்தபோது என் பழைய பேனாவைக் கைப்பையின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன். வகுப்பறையில் தொண்டை கட்டியவர்கள், சாக்பீஸ் தூளில் தும்மியவர்கள், பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள் தூக்கம் தொலைத்தவர்கள் அனைவரும் எனக்கு உறவினர்களே. உங்களிடம் சொல்லாமல் இவற்றை வேறு யாரிடம் சொல்வேன்?

வாசலில் கை கொடுத்தல்

எங்கள் பள்ளியில் நாள்தோறும் காலையில் வகுப்பாசிரியர் வாசலில் நின்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து, முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லி வணக்கம் கூறி உள்ளே அனுப்ப வேண்டும். அந்தக் கை சூடாக இருக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா, விட்டால் போதும் என்று நழுவுகிறதா என்பதிலிருந்தே அன்றைய பாடத்தை எப்படித் தொடங்குவது என்று முடிவு செய்வோம்.

ஒன்றாம் வகுப்பின் முதல் நாள் நான் இந்தச் சடங்கை மிகுந்த பயபக்தியோடு நிறைவேற்றிக்கொண்டிருந்தேன். வரிசையில் கயல்விழி என்ற சிறுமி வந்தாள். இரட்டைப் பின்னல், எண்ணெய் வழியும் நெற்றி, எதையும் உற்றுப் பார்க்கும் கண்கள். அவளுக்குப் பின்னால், சுரங்கத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்த அவள் தந்தை ஏழுமலை, பூட்ஸும் காக்கிச் சட்டையுமாக நின்றார். நான் அவள் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் விடாமல் இருந்ததைப் பார்த்தவர், பதறி முன்னால் வந்தார்: "நகம் பாக்குறீங்களா டீச்சர்? நேத்துதாங்க வெட்டிவுட்டேன்."

கறுப்பு இல்லாத பெட்டி

சிறு வகுப்புகளுக்கு நாங்கள் கொடுக்கும் மெழுகு வண்ணக் கட்டிகளில் கறுப்பு இருக்காது. குழந்தை முதலில் ஒளியுள்ள வண்ணங்களோடு பழக வேண்டும் என்பது இந்தக் கல்விமுறையின் கொள்கை. எனக்குப் பயிற்சியளித்தவர்கள் இதை விளக்கியபோது நான் தலையாட்டினேன். ஆனால் அவர்கள் யாரும் நிலக்கரி தோண்டும் ஊரில் வகுப்பு நடத்தியவர்கள் அல்லர்.

'என் அப்பா வேலை செய்யும் இடம்' என்று வரையச் சொன்ன அன்று வகுப்பே பெட்டியைக் கவிழ்த்துத் தேடியது. கயல்விழி மட்டும் தேடவில்லை. நீலத்தின் மேல் சிவப்பு, அதன் மேல் பச்சை, அதன் மேல் மீண்டும் நீலம் என்று தாள் கிழியும்வரை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அருகில் அமர்ந்து, இயற்கையில் முழுக் கறுப்பு என்று ஒன்று கிடையாது, உற்றுப் பார்த்தால் எல்லாவற்றிலும் வேறொரு வண்ணம் ஒளிந்திருக்கும் என்று எனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். அவள் கட்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "சாயங்காலம் மைன்ஸ் பஸ்ஸு வரும் டீச்சர். வந்து எங்கப்பா மூஞ்சியப் பாருங்க."

ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்து

நாங்கள் எழுத்தைக் கரும்பலகையில் எழுதி 'சொல்லு' என்று ஏவுவதில்லை. ஒரு கதை, கதையிலிருந்து ஒரு படம், படத்திலிருந்து எழுத்து என்று அது தானாக வெளிப்பட வேண்டும். 'ப' என்ற எழுத்தை நான் பள்ளத்திலிருந்து எடுத்தேன்: இரு பக்கமும் சுவர், அடியில் தரை, மேலே திறந்த வானம். திறந்தவெளிச் சுரங்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது என்று எனக்குப் பெருமை. மணலில் ப, காற்றில் ப, தரையில் நடந்து ப என்று ஒரு வாரம் முழுவதும் அந்தப் பள்ளத்திலேயே கிடந்தோம். அதே வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேறு பள்ளிகளில் ஆங்கிலத்தில் பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் கலைந்த பிறகு ஏழுமலை மட்டும் நின்றார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவரோடு வேலைக்கு வந்தவர்கள் எழுத்துத் தேர்வு எழுதி நிரந்தரமானார்கள். அவருக்குக் கேள்விகளைப் படித்துப் புரிந்துகொள்ளவே நேரம் போதவில்லை. பாதித் தாளிலேயே மணி அடித்துவிட்டார்களாம். அதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, பேருந்து தவறிய கதையைப் போலச் சொன்னார். மகளை மூன்றாம் வகுப்புவரை இங்கே விட்டுப் பார்ப்பதாகவும், அதற்குள் அவள் மற்றப் பிள்ளைகளைப் போல் சரசரவென்று எழுதாவிட்டால் டவுன்ஷிப்பின் பெரிய பள்ளிக்கு மாற்றிவிடப் போவதாகவும் கூறினார். நான் அவசரம் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அவர் மிகவும் பணிவாகக் குறுக்கிட்டார்: "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா ஒரு 'ப' வர்றதுக்கு ஒரு வாரம்னா, எம்பொண்ணு பர்மனென்ட் ஆவுறதுக்கு எத்தினி வருசம் ஆவும் டீச்சர்?"

நெய்வேலி வெயிலுக்கு ஸ்வெட்டர்

ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் எங்கள் பிள்ளைகள் அனைவரும் பின்னல் ஊசி பிடிப்பார்கள். விரல் பழகினால் அறிவு பழகும் என்பது கொள்கை. கைவேலை ஆசிரியை நூர்ஜஹான் குறிஞ்சிப்பாடியிலிருந்து பேருந்தில் வந்து போவார். நான் பத்து வாக்கியங்களில் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அதுவும் பெரும்பாலும் எழுவாய் இல்லாமல்.

அனல்மின் நிலையப் பொறியாளர் ஒருவர், தம் மகன் விக்னேஷின் கையில் ஊசியும் கம்பளி நூலும் இருப்பதைக் கண்டு கொதித்துப்போய் வந்தார். இன்ஜினியராக வேண்டிய பையனை ஸ்வெட்டர் பின்ன உட்கார வைத்திருக்கிறீர்களே, இந்த ஊர் வெயிலில் யார் போட்டுக்கொள்வது என்று கேட்டார். நான் விரல் நரம்புகளுக்கும் கணித ஆற்றலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அதற்குள் நூர்ஜஹான், நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "கவலைப்படாதீங்க சார், அது ஸ்வெட்டரே இல்ல. டெய்லி பின்னுறான், டெய்லி பிரிக்கிறான். அது என்னன்னு அவனுக்கே இன்னும் தெரியாது."

கரை

இரண்டாம் வகுப்பில் எங்கள் பிள்ளைகள் தம் பாடநூலைத் தாமே எழுதிக்கொள்ளத் தொடங்குவார்கள். கோடு போடாத வெள்ளைத் தாள். அதில் முதலில் நான்கு பக்கமும் வண்ணக் கரை போட வேண்டும். அதன் பிறகே எழுத்து. புடவைக்குக் கரை எப்படியோ, பக்கத்துக்கும் அப்படியே. கல்விமுறை சொன்னது இவ்வளவுதான். கரை ஒரு விரல் அகலம் இருக்க வேண்டும், மூலைகள் சரியாகச் சந்திக்க வேண்டும், வண்ணம் வெளியே வழியக் கூடாது என்பவை நான் சேர்த்த விதிகள். விதி இல்லாமல் என்னால் ஒரு வேளைச் சோறுகூட உண்ண முடியாது.

வகுப்பில் கரை போடுவதில் கயல்விழியை மிஞ்ச ஆள் இல்லை. தாயின் கைத்தறிப் புடவைகளில் கண்ட கட்டங்களையும் கோபுர வரிசைகளையும் பக்கத்தின் ஓரத்தில் இறக்கிவிடுவாள். மற்றவர்கள் பாடத்தை எழுதி முடித்து மதிய உணவுக்குக் கை கழுவப் போகும்போது, அவள் நான்காவது மூலையில் இருப்பாள். ஒருநாள், இன்றைக்கு மட்டும் கரையைச் சுருக்கமாகப் போட்டுவிட்டு எழுது என்றேன். விதியைப் போட்டவளே விதியைத் தளர்த்தியதை அவள் ரசிக்கவில்லை. "கரை சரியா இல்லன்னா எழுத்து கீழ வுழுந்துடும் டீச்சர்."

வீடு கட்டிய மூன்றாம் வகுப்பு

மூன்றாம் வகுப்பில் வீடு கட்டுதல் பாடம். உண்மையாகவே கட்ட வேண்டும். பள்ளி வளாகத்தின் வேப்ப மரத்தடியில் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு, இரண்டு பேர் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வீட்டைப் பிள்ளைகளே எழுப்பினார்கள். சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது. இடித்து மீண்டும் கட்டினோம். கூரைக்குத் தென்னங்கீற்று. முடிந்த அன்று பிள்ளைகள் ஆடுவார்கள், பாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களோ சுண்ணாம்பால் கதவருகே பிளாக் எண்ணும் குவார்ட்டர்ஸ் எண்ணும் எழுதிவிட்டு, "அலாட்மென்ட் யாருக்கு டீச்சர்?" என்று கேட்டார்கள். பிறந்தது முதல் நிறுவனத்தின் குவார்ட்டர்ஸில் வளரும் பிள்ளைகளுக்கு, வீடு என்பது ஒதுக்கப்படும் ஒன்று.

அப்பாவின் பதவிப்படி, சேர்ந்த வரிசைப்படி என்று விவாதம் கிளம்பியது. கயல்விழி மட்டும் விலகி நின்றாள். அவர்கள் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்தது. ஏன் நிற்கிறாய் என்று விக்னேஷ் கேட்டான். "எங்களுக்கு அலாட் ஆவாது. எங்கப்பா கான்ட்ராக்ட்டு" என்றாள், சாதாரணமாக. நான் ஏதேனும் சமாதானம் சொல்ல அவளை நோக்கி நடந்தேன். விக்னேஷ் ஏற்கெனவே குனிந்து உள்ளே போய் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தான்: "பரவால்ல, உள்ள வா. யாராவது கேட்டா கெஸ்ட்டுன்னு சொல்லிக்கலாம்."

நுழைவுத் தேர்வு

அந்த ஆண்டின் இறுதியில் ஏழுமலை சொன்னதைச் செய்தார். பெரிய பள்ளியில் நான்காம் வகுப்புக்கு இடம் இருப்பதை அறிந்து, மகளை நுழைவுத் தேர்வுக்கு அழைத்துச் சென்றார். என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சென்றார். கயல்விழி அதற்குள் தெளிவாக வாசிப்பாள், பிழையின்றி எழுதுவாள். எனக்கு அதில் ஐயமே இல்லை. அவளை இழக்க மனமில்லை என்றாலும், தோற்பாள் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை.

பிற்பகலில் ஏழுமலை வந்தார். மகளை வெளியே மரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, நாற்காலியைக் காட்டியும் அமராமல் நின்றார். கேள்விகள் எளிமையானவைதானாம். ஆனால் வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்ததும் அவள் பென்சில் பெட்டியைத் திறந்து, வண்ணப் பென்சில்களை வரிசையாக எடுத்து வைத்து, நான்கு பக்கமும் கரை போட ஆரம்பித்திருக்கிறாள். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியை, வேடிக்கையாக இருக்கிறதே என்று தடுக்காமல் விட்டுவிட்டார். கோபுர வரிசை முடிந்து, முதல் கேள்விக்கு முத்துமுத்தாக விடை எழுதி, இரண்டாவதைத் தொட்டபோது நேரம் முடிந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் தாளை ஒருவருக்கொருவர் காட்டி மெச்சினார்களாம். இடம் மட்டும் இல்லை என்றார்களாம். ஏழுமலை வெகுவாகக் கெஞ்சிய பிறகு அடுத்த வாரம் இன்னொரு முறை எழுத அனுமதித்திருக்கிறார்கள். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னைய மாதிரியே அவளுக்கும் பாதிப் பேப்பர்லயே மணி அடிச்சிட்டாங்க டீச்சர்."

கரையில்லாப் பக்கம்

மறுநாள் அவர் மீண்டும் வந்து, கரை போடாமல் எழுத அவளுக்கு நான்தான் பழக்கித் தர வேண்டும் என்று கேட்டார். வேறு யார் சொன்னாலும் அவள் கேட்க மாட்டாளாம். நூர்ஜஹான் என்னைத் தனியே இழுத்துச் சென்று, "அவ போறதுக்கு நீங்களே பெட்டி கட்டிக் குடுப்பீங்களாக்கும்?" என்றார். வகுப்பு முழுவதையும் ஐந்தாம் வகுப்புவரை கொண்டு சேர்ப்பேன் என்ற என் உறுதி ஒரு பக்கம். பாதியில் மணி அடித்துவிடுமோ என்று இத்தனை ஆண்டுகளாக அஞ்சிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் மறுபக்கம். கயல்விழியை மாலையில் பள்ளி முடிந்த பிறகு இருக்கச் சொன்னேன்.

வண்ணங்களையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை அவள்முன் வைத்தேன். அவள் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எழுது என்றேன்; கை நகரவில்லை. அந்தப் பள்ளியில் கரை வேண்டாமாம், நேராக எழுதத் தொடங்கலாமாம் என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்ததை அவள் நம்பாதவள்போல் பார்த்தாள். முதல் நாளும் இரண்டாம் நாளும் இப்படியே போயின. மூன்றாம் நாள், ஆள்காட்டி விரலைத் தாளின் ஓரத்தில் வைத்து, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று நான்கு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொரு மூலையிலும் விரல் சற்று நின்றது. பிறகு பென்சிலை எடுத்து மளமளவென்று எழுத ஆரம்பித்தாள். என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்: "கரை போட்டுட்டேன் டீச்சர். கலர் இல்லாத கரை. அவங்களுக்குத் தெரியாது."

காலியான இடம்

இரண்டாம் முறை அவள் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதிவிட்டு, நேரம் மீதமிருக்க வெளியே வந்தாள். ஏழுமலை ஒரு பொட்டலம் ஜிலேபியோடு வந்து, மாற்றுச் சான்றிதழை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "கோவம் இல்லியே டீச்சர்?" என்று மூன்று முறை கேட்டார். இல்லை என்று மூன்று முறையும் உண்மையைச் சொன்னேன். கோபத்தைத் தவிர வேறு எல்லாம் இருந்தன.

ஜூன் மாதம் கதவின் மேல் 'நான்கு' என்று எழுதி ஒட்டினேன். வாசலில் கை கொடுத்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன். எல்லோரும் உள்ளே போன பிறகும் நான் வாசலை விட்டு நகராமல் நின்றிருக்கிறேன் போலும். விக்னேஷ் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, அவனும் சாலையைப் பார்த்தான். "கயல் வர மாட்டா டீச்சர். நான் அவங்க ஸ்கூல் பஸ்ஸப் பாத்தேன். ஜன்னல் சீட்டு கெடைச்சிருக்கு அவளுக்கு."

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்

சில வாரங்கள் கழித்து, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிற்பகலில், முதல் ஷிஃப்ட் முடித்த ஏழுமலை காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றார். மகளுக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்று பதறினேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாத் தேர்வையும் முடித்துவிட்டுத்தான் எழுந்து வருகிறாளாம், மதிப்பெண்ணும் வருகிறதாம். "ஆனா வூட்டுல என்னைய உண்டு இல்லன்னு பண்றா டீச்சர். தெனம் ஒரு கதை சொல்லணுமாம். எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு ரெண்டு சொன்னேன். இது டீச்சர் கதை மாதிரி இல்லங்குறா. அந்தக் கொக்கு கதை ஒண்ணு சொல்வீங்களாமே, அத எழுதிக் குடுங்க, படிச்சுக் காட்டிடுறேன்" என்றார்.

எங்கள் பள்ளியில் கதையைப் படித்துக் காட்டுவதில்லை, உள்ளே வாங்கிக்கொண்டு முகம் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, மூன்றாம் வரிசையில், பிள்ளைகளுக்கான சின்ன பெஞ்சில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தார். ஏரி வற்றியதும் குஞ்சுகளை ஒவ்வொன்றாக வேறோர் ஏரிக்குத் தூக்கிச் செல்லும் கொக்கின் கதையைச் சொன்னேன். கொக்கு நடுவானில் திரும்பிப் பார்க்கும் இடம் வந்தபோது, வழக்கம்போல் என் குரல் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது. இன்னொரு தடவை என்றார், சொன்னேன். பிறகு அவர் திருப்பிச் சொன்னார், கேட்டேன். இடையில் ஒரு குஞ்சை மறந்துவிட்டார், திருத்தினேன்.

அதன் பிறகு, என் வகுப்பு ஐந்தை முடிக்கும்வரை, முதல் ஷிஃப்ட் வாய்க்கும் வாரங்களில் எல்லாம் வந்தார். பழைய கதைகள் தீர்ந்ததும், வகுப்பில் இப்போது எந்தக் கதை நடக்கிறது என்று கேட்டு வரச் சொல்லி மகள் அனுப்பினாள். அந்த வகுப்பு ஐந்தை முடித்துக் கலைந்துபோய்விட்டது. இப்போது என் கதவின் மேல் மீண்டும் 'ஒன்று' என்று எழுதியிருக்கிறது. ஆயினும் அவர் வந்துபோன நாள்களில் எனக்கு மறக்க முடியாதது, மகளிடம் முதல் கதையைச் சொல்லிவிட்டு வந்து நின்ற நாள்தான். எப்படிப் போயிற்று என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலைமையாசிரியர் முன் நிற்பவர்போல் நின்றார்: "நீங்க சொன்ன மாதிரியேதான் சொன்னேன் டீச்சர். கொக்கு திரும்பிப் பாக்குற எடத்துல டீச்சர் நின்னு மூச்சு வாங்குவாங்க, நீ மட்டும் ஏம்ப்பா பஸ்ஸு புடிக்கப் போறவன் மாதிரி ஓடுறன்னு கேக்குறா."

ஒருவரையும் விடாமல் ஐந்தாம் வகுப்புவரை அழைத்துச் செல்வதே வகுப்பாசிரியரின் கடமை என்று நம்பி வந்த நான், மகளை மூன்றாம் வகுப்போடு வழியனுப்பிவிட்டு, தந்தையை ஐந்தாம் வகுப்புவரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.